எழுதினபடி கொடு

"இன்னொண்ணு உடைங்க! சர்க்கரைத் தண்ணி, இன்னொரு ஆம்பியூல், சீக்கிரம்!"

வார்டின் தலைமை டாக்டரான சீஃப், நோயாளியின் முழங்கையை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஊசிக்குழலின் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். கெட்டியான சர்க்கரைக் கரைசல். அவசரத்துக்கு இறங்க மாட்டேன் என்றது. அவர் நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கை இல்லை.

ஆண்கள் வார்டு, ஏழாம் நம்பர் கட்டில். பஸ் கண்டக்டர். காலையில் தானே நடந்துபோய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தவர். பதினொன்றரைக்குச் சட்டையெல்லாம் நனைந்து, கண் செருகி, பக்கத்துக் கட்டில்காரரைச் சம்பந்தமே இல்லாமல் திட்டிவிட்டு மல்லாந்துவிட்டார். விரலில் குத்திப் பார்த்தால், எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை இருபத்தெட்டு.

"மிஷின் சரியா இருக்கா பாரு."

"ரெண்டு மிஷின்ல பார்த்துட்டேன் சார். ரெண்டும் அதான் சொல்லுது."

சொன்னவன் கொக்கு. படிப்பை முடித்துவிட்டு மூன்று வாரத்துக்கு முன் பயிற்சிக்கு வந்த பத்துப் பேரில் ஒருவன். நீளக் கழுத்தும், கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் நீண்டு நிற்கும் மணிக்கட்டுமாக இருந்ததால் வார்டு வைத்த பெயர். 

மூன்றாவது ஆம்பியூல் பாதி இறங்கியபோது கண்டக்டரின் இமை துடித்தது. உதடு அசைந்தது. வார்டு மூச்சை அடக்கிக்கொண்டது.

"உள்ள போங்க... படியில நிக்காதீங்க... உள்ளதான் இவ்ளோ இடம் இருக்கே..."

எட்டாம் நம்பர் கட்டில்காரர் முதலில் சிரித்தார். "எங்கண்ணே போறது? இங்கயும் ஃபுல்லு!"

வார்டே சிரித்தது. சீஃப் சிரிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளை உருவி எடுத்தார்.

இன்சுலின். அதற்குப் பக்கத்தில் அறுபது.

இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஆறு. ஆறுக்குப் பக்கத்தில் 'யூ' என்ற ஆங்கில எழுத்து. யூனிட் என்பதற்கான சுருக்கம். அவசரத்தில் எழுதியதால் வாய் மூடிப்போய், பூஜ்யமாக உட்கார்ந்திருந்தது.

ஆறு யூனிட் போக வேண்டிய உடம்பில் அறுபது போயிருக்கிறது.

"யார் எழுதினது இதை?"

"நான்தான் சார்." கொக்கு ஓர் அடி முன்னால் வந்தான்.

"யூனிட்னு முழுசா எழுதறதுக்கு உனக்குக் கை வலிக்குதா?"

கொக்கு கோட்டுக் கையை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டான்.

"உங்கப்பா என்ன பண்றார்?"

"தச்சு வேலை சார்."

"அவர் ஆறு அங்குலப் பலகை கேட்டா அறுபது அங்குலத்துக்கு அறுப்பாரா? மாட்டார். ஏன்னா அது மரம். மரம் வீணாப்போகும்னு அவருக்குத் தெரியும். நீ அறுக்கறது மனுஷனை! அவருக்கு இருக்கிற பயத்துல பாதி உனக்கு இருந்திருந்தா இந்த ஆள் விழுந்திருப்பாரா? உனக்கெல்லாம் யாருய்யா கோட்டு மாட்டிவிட்டது?"

முப்பது கட்டில். முப்பது கட்டிலும் கேட்டது. கொக்கின் காது மடல் சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்துக்கு இறங்கியது.

"போட்டவங்க கையெழுத்துப் போடற இடம் காலியா இருக்கு. ஊசி போட்டது யாரு? நர்ஸம்மா எங்க?"

"ஆபரேஷனுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க சார்."

"அப்ப நீதானே?"

கொக்கு வாயைத் திறந்தான். பார்வை ஒரு கணம் வாசல் பக்கம் போய்த் திரும்பியது. "வார்டு டூட்டி என்னோடது சார்."

சீஃப் திரும்பிப் பார்த்தார். வாசலில் அவருடைய மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவளும் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி. பக்கத்துப் பெண்கள் வார்டில் வேலை. 'சீஃப் பொண்ணுன்னு யாரும் என்னைத் தாங்க வேண்டாம்' என்று போன வாரம் வீட்டில் அவள் சண்டை போட்டதும், 'தாங்கவே மாட்டேன், ஆஸ்பத்திரியில நான் உனக்கு சார்தான்' என்று அவர் பதிலுக்குச் சொன்னதும், அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்துபோனதும் வார்டில் யாருக்கும் தெரியாது.

மகளின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சினேகிதனை எல்லார் முன்னாலும் கிழித்ததில் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இருக்கட்டும். இன்று இதைப் பார்த்தால்தான் அவளும் ஜாக்கிரதையாக இருப்பாள்.

"அரை மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பாரு. மறுபடி இறங்கும். சொட்டு மருந்து நிக்கக்கூடாது. இந்தக் கட்டிலை விட்டு நகர்ந்தே, தொலைச்சுடுவேன்."

"சரி சார்."

கை கழுவப் போனார்.

குழாயைத் திறந்து, சோப்பைத் தேய்த்து, நுரை மணிக்கட்டுக்கு வந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

போன்.

காலை பத்தே முக்கால். ஆஸ்பத்திரி அரங்கில் விழா. புது டாக்டர்களுக்கு வரவேற்பு, கூடவே சீஃப் யோசித்து, சீஃப் எழுதி, சீஃப் தலைமையில் நடக்கப்போகும் 'இளம் மருத்துவர் துணைத் திட்டம்' தொடக்கம். மேடையில் உட்கார்ந்திருந்தார். அடுத்துப் பேச வேண்டியவர் அவர்தான். பையில் போன் அதிர்ந்தது. ஆண்கள் வார்டு மேஜை நம்பர். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரின் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து எடுத்தார். ஒலிபெருக்கியில் யாரோ மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார்... ஏழாம் நம்பர்... இன்சுலின்..." அவ்வளவுதான் காதில் விழுந்தது.

அவர் சொன்னது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது.

"எழுதியிருக்கறதைப் படிக்கத் தெரியாதா? எழுதினபடி கொடு. இதுக்கெல்லாம் போன் பண்ணாதே."

வைத்துவிட்டு எழுந்து மைக்குக்குப் போனார். "என் நம்பரை எல்லாரும் போன்ல போட்டு வச்சுக்குங்க. சந்தேகம் வந்தா கூப்பிடுங்க. நான் குளிச்சிட்டிருந்தாலும் எடுப்பேன்" என்றார். கைதட்டல் அரை நிமிடம் நீடித்தது. முதல் வரிசையில் ஒருவர் விசில்கூட அடித்தார்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. சீஃப் எதிரே சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்க்காமல் குழாயை மூடினார்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றாலும் வந்தது. ஒவ்வொரு வருடமும் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு வகுப்பு எடுப்பார். 'யூ' என்று சுருக்கினால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். இந்த வருடம் அந்த வகுப்பு நடக்கவில்லை. அன்றைக்கு விழாக் கமிட்டிக் கூட்டம்.

இன்று காலை கட்டில் கட்டிலாகப் போனபோது, விழாவுக்கு நேரமாகிறதே என்று ஓட்டமும் நடையுமாக "ஏழாம் நம்பர், இன்சுலின் ஆறு யூ" என்று வாயால் சொன்னது யார்? கொக்கு பின்னால் ஓடிக்கொண்டே எழுதினான். காதில் விழுந்ததை எழுதினான்.

அந்தப் பையன் போன் செய்து கேட்டும் இருக்கிறான். இவ்வளவு திட்டியும் 'உங்களைக் கேட்டேனே சார்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?

பயம். வேறென்ன.

---

கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்து பேனாவால் பல்லைத் தட்டினார். "அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட் வேணும். பையன் பேரு, நடந்தது, உங்க கையெழுத்து. பயிற்சி வருஷம் ரத்து. அடுத்த வருஷம் முதல்லேர்ந்து வரட்டும்."

"ஒரு வருஷமா?"

"ஆள் செத்திருந்தா? நல்லவேளை நீங்க இருந்தீங்க. உங்களுக்கு இதுல ஒண்ணும் வராது, கவலைப்படாதீங்க. விழாப் படம் நாளைக்குப் பேப்பர்ல வருது. நடுவுல நீங்கதான்."

சீஃப் சொல்லியிருக்கலாம். 'போன் வந்தது' என்று இரண்டே வார்த்தை.

"சரி, எழுதித் தரேன்" என்றார்.

---

மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது வீட்டில் மனைவி இருந்தாள். கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை. சனிக்கிழமை விடுமுறை. மகள் அவருக்கு முன்பே வந்து, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். பிசைந்தாளே தவிர ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

"அப்பா, அந்த ஊசி..."

"வீட்ல ஆஸ்பத்திரி பேச்சு வேண்டாம்."

"இல்லப்பா, ஒரு நிமிஷம்..."

"அவனுக்கு வக்காலத்தா? சாப்பிடு முதல்ல."

மகள் தட்டைப் பார்த்தாள். "அவன் பேரை மட்டும்தான் எழுதப்போறீங்களா?"

"எழுதினவன் பேரைத்தான் எழுதுவாங்க."

நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. கையைக் கழுவிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படி இறங்கிவிட்டாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

மனைவி அந்தத் தட்டை எடுக்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு பையன் தப்பா எழுதிட்டான்."

"நீங்க சொல்லி, அவன் எழுதினதா?"

"ஆமா."

"திருப்பிப் படிச்சுக் காட்டினானா?"

"எங்க நேரம் இருக்கு?"

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "எங்க ஜட்ஜ் எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சி தெரியுமா? ஃபேன் சத்தம் போட்டா ஃபேனையே திட்டுவார். ஆனா நான் ஒரு பக்கம் எழுதி முடிச்சா 'படிம்மா'ன்னு பேனாவைக் கீழ வச்சுட்டுக் காதைக் கொடுப்பார். வெறும் வாய்க்கா தகராறு கேஸுக்கு. நீங்க மருந்து சொல்லிட்டு ஓடறீங்களா?"

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். மறுபடி ஊற்றிக்கொண்டார்.

"மூணாவது டம்ளர்" என்றாள் மனைவி. "எதையாவது முழுங்கணும்னாதான் உங்களுக்கு இவ்ளோ தண்ணி வேணும். என்கிட்ட சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிடுங்க."

டம்ளர் பாதியில் நின்றது. இருபத்தாறு வருடமாக அந்த மனுஷிக்கு எதிரில் உட்கார்ந்து அவர் ஒன்றைக்கூட முழுசாக மறைத்ததில்லை. மறைக்க முயன்றதையே நினைத்து இப்போது கூசியது.

---

நாலு மணிக்கு வார்டுக்குத் திரும்பினார். கொக்கு ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு தாள். அரை மணிக்கு ஒரு வரி. ஒவ்வொரு எண்ணும் குழந்தைக்கு எழுதிக்காட்டுவது போலப் பெரிதாக, தனித்தனியாக. கடைசி எண் நூற்றிருபது.

சீஃப் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"என் ரூம்ல போய் இரு. வரேன்."

அவன் போனதும் கண்டக்டர் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் சீஃபின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற மனைவியிடம், "இவர்தான். இந்தக் கையாலதான் இழுத்துட்டு வந்தார்" என்றார். "டாக்டர், எங்க டிப்போவில இருநூறு பேர். இருநூறு பேருக்கும் உங்க பேரைச் சொல்லப்போறேன்."

"சொல்லாதீங்க."

"ஏன் டாக்டர்?"

சீஃபின் கண் கட்டில் பக்கத்து மேஜைக்குப் போய்த் திரும்பியது. இங்கே தண்ணீர் டம்ளர் இல்லை.

"நீங்க விழுந்ததே எங்களாலதான். ஆறு போட வேண்டிய மருந்தை அறுபது போட்டுட்டோம். நான் காப்பாத்தினதா சொல்றீங்களே, அது நாங்களே தள்ளிவிட்டுட்டு நாங்களே தூக்கினது."

கண்டக்டரின் பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாகத் தளர்ந்து, இரண்டு கையும் போர்வைக்குத் திரும்பிப் போய்விட்டன. அவர் மனைவி எதுவும் பேசாமல் கட்டிலுக்கும் சீஃபுக்கும் நடுவே ஓர் அடி நகர்ந்து நின்றாள்.

எட்டாம் நம்பர் கட்டில்காரர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கண்டக்டர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார். "டாக்டர், வண்டி தப்பா கிளம்பினா நான் பெல் அடிப்பேன். ஒரு தடவை அடிச்சா டிரைவர் நிறுத்தியாகணும். எப்பேர்ப்பட்ட சீனியர் டிரைவரா இருந்தாலும் சரி. இங்க பெல் அடிக்க ஆளே இல்லியா?"

"அடிச்சாங்க" என்றார் சீஃப். "நான்தான் நிறுத்தலை."

கண்டக்டர் தலையை ஆட்டினார். மன்னித்ததாகவும் தெரியவில்லை, மன்னிக்காததாகவும் தெரியவில்லை. "கொஞ்ச நேரம் படுக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

---

அறையில் கொக்கு உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். தோளில் பை. அதற்குள் மடித்த வெள்ளைக் கோட்டு. வீட்டுக்குக் கிளம்பத் தயாராக வந்திருக்கிறான்.

"உக்காரு."

"பரவால்ல சார்."

"உக்காருய்யா!"

உட்கார்ந்தான். சீஃப் மேஜைக்குப் பின்னால் போகாமல், நோயாளிகளுக்குப் போட்டிருக்கும் ஸ்டூலை இழுத்து அவனுக்கு எதிரில் போட்டுக்கொண்டார். கையில் ரிப்போர்ட் தாள். எழுதிக்கொண்டு வந்திருந்தார். இருபது நிமிடத்தில் நாலு தடவை கிழித்து, ஐந்தாவது தடவை நின்றது.

"படிக்கறேன், கேளு. 'மருந்தின் அளவை நான் வாயால் சொன்னேன். பயிற்சி டாக்டர் என் பின்னால் நடந்துகொண்டே எழுதினார். திருப்பிப் படிக்க நான் நேரம் தரவில்லை. அளவில் சந்தேகம் வந்து பத்தே முக்காலுக்கு அவர் எனக்குப் போன் செய்தார். நான் கேள்வியைக் கேட்காமலேயே எழுதினபடி கொடுக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். தவறு என்னுடையது.'" தாளைத் தாழ்த்தினார். "காலைல உங்கப்பாவை இழுத்துப் பேசினேன் பாரு. அது இதுல இல்லை. அதை எப்படி எழுதறதுன்னு தெரியலை. வாயால சொல்றேன். தப்புய்யா. என்னை மன்னிச்சுடு."

இத்தனை வருட சர்வீசில் ஒரு ஜூனியரிடம் அவர் சொன்ன முதல் மன்னிப்பு. சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை.

காரணம், கொக்கின் முகம். அதில் நிம்மதி இல்லை. பயம் கூடியிருந்தது.

"சார், அந்த ரெண்டாவது பகுதியை எடுத்துடுங்க."

"எதை?"

"போன் விஷயம்."

"ஏன்? என்னைக் காப்பாத்தறியா? வேண்டாம்."

"இல்ல சார்." கொக்கு பையின் வாரை முறுக்கினான். "நான் உங்களுக்குப் போனே பண்ணலை."

சீஃப் புரியாமல் பார்த்தார்.

"முந்தாநாள்லேர்ந்து டூட்டி சார். காலைல தலை சுத்திருச்சு. நிக்க முடியலை. 'போய் ரெண்டு வாய் சாப்பிட்டு வா, பத்து நிமிஷம் நான் பார்த்துக்கறேன்'னு சொன்னாங்க. நான் கேன்டீன்ல இருந்தேன். திரும்பி வரும்போது ஊசி போட்டாச்சு."

"யார் சொன்னா?"

கொக்கு உதட்டைக் கடித்துக்கொண்டான். 

"நான்."

கதவு பாதி திறந்திருந்தது. மகள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்துகொண்டாள்.

"போன் பண்ணது நான்தான்பா."

சீஃப் தாளை மடியில் வைத்தார். நினைவில் அந்தக் குரலைத் தேடினார். மைக் தட்டும் சத்தம். சார், ஏழாம் நம்பர், இன்சுலின். அவள் பிறந்த நாளிலிருந்து கேட்ட குரல். ஆணா பெண்ணா என்றுகூட அவர் கவனித்திருக்கவில்லை.

"நர்ஸம்மா போட மாட்டேன்னுட்டாங்க" என்றாள் மகள். சத்தமே இல்லாத குரலில், பாடம் ஒப்பிப்பது போல. "'அறுபதுன்னா நான் தொட மாட்டேன், சீஃபைக் கேளு'ன்னாங்க. கேட்டேன். வச்சுட்டீங்க. அதுக்குள்ள அவங்க ஆபரேஷனுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் மட்டும்தான் இருந்தேன். நான்தான் போட்டேன்."

"நீயா?"

"கையெழுத்து வைக்கத்தான் கை வரலை. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு நாள் பூரா திட்டு வாங்கிட்டிருந்தான். நான் வாசல்ல நின்னு பார்த்துட்டிருந்தேன்."

கொக்கு தரையைப் பார்த்தான்.

"நம்ம வார்டு ஊசிக்குழல்ல நாப்பதுதான்பா ஏறும்" என்றாள். "அறுபதுக்கு ரெண்டு ஊசி வேணும். முதல் ஊசி போட்டாச்சு. ரெண்டாவதை எடுத்தப்ப கை நின்னுருச்சு. ஒரே ஆளுக்கு யாராவது ரெண்டு ஊசி போடுவாங்களா? இது அறுபதா இருக்காது, ஆறாத்தான் இருக்கணும்னு அப்பவே தோணிருச்சு. போன் பக்கத்துலதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏம்மா போட்டே?"

மகள் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"மறுபடி உங்களைக் கேக்கறதைவிட, அதைப் போடறது எனக்குச் சுலபமா இருந்துச்சுப்பா."